மரம் நட்டால் மட்டும் காடாகுமா?

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்னும் வாசகம் எழுதப்படாத சுவரே நம் நாட்டில் இல்லை எனலாம். ஆண்டுதோறும் வனமகோத்சவ வாரத்தில் பள்ளிகள்தோறும் மரக்கன்றுகள் நடப்படுகின்றன. சிறப்பு விருந்தினர் குழியில் ஒரு பிடி மண்ணைத் தள்ளுகிறார், நாம் கைதட்டுகிறோம், நாட்டுப்பண் பாடிக் கலைகிறோம். 1950-ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்றுவரும் இந்த நல்ல விழாவைக் குறை கூற நாங்கள் வரவில்லை. ஆனால் மரம் நடுவதும் காட்டைக் காப்பதும் ஒன்றுதானா என்ற வினாவை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம். ஒன்றல்ல என்பதே எங்கள் துணிபு. அதற்குச் சான்றாக அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள மதீரா என்னும் சிறு தீவை எடுத்துக்கொள்கிறோம்.

நம் நாட்டில் காடுகளுக்கா பஞ்சம், கடல் கடந்து போவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. பெரிய நாடுகளில் காடு எப்போது அழியத் தொடங்கியது, யார் கையால் அழிந்தது என்று தேடினால் தலையும் வாலும் புரிவதில்லை. மதீராவின் கதை அப்படிப்பட்டதன்று. 1419-ஆம் ஆண்டையொட்டிப் போர்த்துக்கீசிய மாலுமிகள் அங்கே கரையிறங்கியபோது தீவில் குடியிருந்த மனிதர் ஒருவரும் இல்லை. கடற்கரை முதல் மலைமுகடு வரை மரங்களே நின்றன. 'மதீரா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லுக்கு 'மரம்' என்றுதான் பொருள். எனவே மனிதன் காலடி வைத்த நாள் முதல் இன்றுவரை, ஏறத்தாழ 600 ஆண்டுக் கணக்கை நாம் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்கலாம். இத்தகைய வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

தீவு பெரிதன்று. நீளம் 57 கிலோமீட்டர், அகலம் 22 கிலோமீட்டர், அவ்வளவே. ஆனால் நடுவே மலைகள் 1,862 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. தலைநகரின் பெயர் ஃபுன்ஷால். அங்கே சோம்புச் செடி மண்டிக் கிடந்ததால் அந்தப் பெயராம். நம் சமையலறைச் சோம்பு ஒரு நகருக்கே பெயர் கொடுத்திருப்பது எங்கள் வகுப்பில் பலருக்கு நகைப்பை உண்டாக்கியது. மற்றொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 1514-இல் ஃபுன்ஷால் மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது அதன் எல்லை ஆப்பிரிக்கா, பிரேசில், இந்தியா வரை நீண்டிருந்தது. 1530-களில் கோவா தனி மறைமாவட்டமாகும்வரை நம் நாட்டுக் கத்தோலிக்கரும் அந்தத் தீவின் ஆயருக்கு உட்பட்டவர்களே. ஆகவே மதீரா நமக்கு முற்றிலும் அந்நியமன்று.

அங்குள்ள காட்டை 'லாரிசில்வா' என்பர். லாரல் மரக்காடு என்று பொருள். லாரல் என்றவுடன் ஏதோ காணாத மரம் என்று எண்ணவேண்டா. குழம்பில் போடும் பட்டையும், பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலையும், வெண்ணெய்ப்பழமும், கற்பூரம் வடிக்கும் மரமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மதீராவில் இக்குடும்பத்து மரங்கள் நான்கு சிறப்பானவை: லாரல், தில், வின்யாத்திகு, பார்புசானு. தில் மரத்தை வெட்டினால் துர்நாற்றம் வீசும்; அதனால் அறிவியலார் அதன் பெயரிலேயே 'நாறுவது' என்ற பொருளைச் சேர்த்துவிட்டனர். வின்யாத்திகின் செந்நிறப் பலகையோ மேசை நாற்காலிகளுக்கு உகந்ததென்று விரும்பப்பட்டது. (நாறும் மரம் பிழைத்திருக்க, அழகிய மரம் கோடரிக்கு இரையாகியிருக்குமோ என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இரண்டையுமே வெட்டினார்கள்.) லாரல் குச்சியில் மாட்டிறைச்சித் துண்டுகளைக் கோத்து அனலில் வாட்டி உண்பது தீவினரின் பழைய வழக்கம்.

ஒன்றரைக் கோடி முதல் நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பு தென் ஐரோப்பாவெங்கும் இவ்வகைக் காடுகள் பரவியிருந்தன. பின்னர்க் குளிரும் வறட்சியும் மாறி மாறி வரவே கண்டத்தில் அவை அழிந்தன. கடல் சூழ்ந்த தீவுகளில் மட்டும் வெப்பமும் ஈரமும் ஒரே சீராக இருந்தமையால் மதீரா, அசோர், கனேரித் தீவுகளில் அவற்றின் வழித்தோன்றல்கள் பிழைத்து நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரிய பரப்பு மதீராவில்தான் உள்ளது. ஏறத்தாழ 15,000 ஹெக்டேர். தீவில் ஐந்தில் ஒரு பங்கு. பெரும்பகுதி கோடரி படாத கன்னிக்காடு என்று கருதப்படுகிறது. 1999-இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. மதீராவுக்கே உரிய அறுபதுக்கும் மேற்பட்ட செடி கொடி வகைகள் இக்காட்டில் உண்டு. பூச்சிகளும் நத்தைகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இக்காடு செய்யும் வேலைகளுள் பெரியது தண்ணீர் பிடித்தல். வடகிழக்கு வியாபாரக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மூடுபனியாகிறது. அந்தப் பனி பளபளப்பான இலைகளிலும், கிளைகளில் தொங்கும் பாசிகளிலும் ஒட்டித் துளித்துளியாய்க் கீழே சொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைந்திருக்கும். கனேரித் தீவுகளுள் ஒன்றான எல் இயெரோவில் இப்படித் தண்ணீர் சொட்டிய ஒரு தில் மரத்தைப் பழங்குடியினர் புனிதமாகப் போற்றி வந்தனர். 1610-இல் புயலில் அது சாய்ந்துவிட்டது. மதீராவிலோ காடு பிடித்த நீரை வறண்ட தென்பகுதிக்குக் கொண்டுசெல்ல 'லெவாடா' என்னும் வாய்க்கால்களை மலையைக் குடைந்தும் செதுக்கியும் அமைத்தனர். இன்று அவற்றின் நீளம் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் என்பர். முற்காலத்தில் அவ்வேலையில் அடிமைகள் வதைபட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1950-களிலிருந்து அந்த நீரே மின்சாரமும் தருகிறது. மேலே காடு இல்லாவிடில் கீழே வாழைத்தோட்டமும் இல்லை, திராட்சையும் இல்லை, விளக்கும் இல்லை.

இனி அழிவின் கதைக்கு வருவோம். மதீராவுக்கு அருகே போர்ட்டோ சாந்தோ என்னும் இன்னும் சிறிய தீவு உண்டு. அதன் தலைவராக வந்த பார்த்தலோமேயு பெரெஸ்த்ரெலோ என்பவர் குட்டிகளோடு ஒரு முயலைக் கொண்டுவந்து விட்டார். தடுப்பதற்கு நரியும் இல்லை, பருந்தும் போதவில்லை. சில ஆண்டுகளில் முயல்கள் பெருகி, நட்ட பயிரையெல்லாம் தின்று தீர்த்தன. குடியேறியவர்கள் அத்தீவைவிட்டே சிலகாலம் வெளியேற நேர்ந்தது. ஒரு முயல்! இந்தப் பெரெஸ்த்ரெலோவின் மகளைத்தான் பின்னாளில் கொலம்பஸ் மணந்தார். வரலாற்றுப் பாடத்தில் கொலம்பஸைப் பற்றி மனப்பாடம் செய்கிறோம்; அவருடைய மாமனாரின் முயலைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தால் தேவலை.

மதீராவில் நிலம் திருத்துவதற்காகத் தீ வைத்தனர். அத்தீ ஏழாண்டுகள் எரிந்தது என்றொரு கதை வழங்குகிறது. அதை நாங்கள் நம்பவில்லை. ஏழாண்டுகள் எரிந்திருந்தால் வடக்குச் சரிவில் கன்னிக்காடு எப்படி எஞ்சியிருக்கும்? எனினும், முதற் குடியேறிகள் நெருப்புக்கு அஞ்சிக் கடலில் கழுத்தளவு நீரில் நிற்க நேர்ந்தது என்று 1455-இல் அங்கே சென்ற கதமோஸ்தோ என்னும் பயணி எழுதிவைத்ததால், பெருந்தீ மூண்டது மெய்யே. அதன்பின் வந்தது கரும்பு. 1500-ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவுக்குச் சர்க்கரை அனுப்புவதில் மதீரா முன்னணியில் நின்றது. கரும்புச்சாறு காய்ச்ச விறகு வேண்டும். விறகுக்குக் காடு போயிற்று. தென்பகுதிச் சரிவுகள் மொட்டையாயின.

இதுவரை சொன்னதைக் கேட்போர், 'அப்படியானால் மரம் நட்டுச் சரிசெய்ய வேண்டியதுதானே' என்பர். இங்கேதான் எங்கள் வாதம் தொடங்குகிறது. மரம் நட்டார்களே! ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ் வந்தது. சீகை என்று நாம் அழைக்கும் வாட்டில் மரமும் வந்தது. விரைவில் வளரும், விறகாகும், பச்சையாகவும் தெரியும். தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் காடுதான். ஆனால் ஈரமான லாரல் காடு எளிதில் தீப்பற்றாது. எண்ணெய் சுரக்கும் யூகலிப்டஸோ பந்தம்போல் எரியும். எரிந்த இடத்தில் முதலில் முளைப்பவையும் யூகலிப்டஸும் வாட்டிலுமே. மறுமுறை தீ வந்தால் இன்னும் கொழுந்துவிட்டு எரியும். 2010 ஆகஸ்டு மாதம் ஃபுன்ஷாலுக்கு மேலேயுள்ள மலைகளில் தீ பரவியபோது, உலகில் நூறு இணைகூட இல்லாத சீனோ பெட்ரல் என்னும் கடற்பறவையின் அவ்வாண்டுக் குஞ்சுகளில் பெரும்பாலானவை கூட்டிலேயே மடிந்தன. 2024 ஆகஸ்டில் ஏறத்தாழ இரண்டு வாரம் எரிந்த தீ 5,000 ஹெக்டேருக்கும் மேலான நிலத்தைத் தின்று, லாரிசில்வாவின் ஓரங்களையும் தொட்டது.

அதே 2010-இல், பிப்ரவரி 20-ஆம் நாள், பேய்மழையில் மலைச்சரிவுகள் இடிந்து, ஓடைகள் பெருகி, தீவில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று பெய்த மழை வழக்கத்துக்கு மாறானது. காடு மட்டும் இருந்திருந்தால் ஒருவரும் மாண்டிருக்கமாட்டார் என்று கூறுவது அளவு மீறிய பேச்சு. ஆயினும் ஆடு மேய்ந்தும் எரிந்தும் மொட்டையான சரிவு மண்ணைப் பிடித்து நிறுத்தாது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

நெருப்பாவது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தமின்றி வரும் பகை ஒன்று உண்டு; அதைக் கேட்டால் வாசகர் வியப்பர். அது நம் இமயமலையிலிருந்து போன இஞ்சி! 'கஹிலி இஞ்சி' என்று பெயர். மஞ்சள் நிறப் பூங்கொத்து, சிவந்த மகரந்தக் காம்புகள், நல்ல மணம். தோட்டத்துக்கு அழகு என்று கொண்டுபோய் நட்டார்கள். பறவைகள் அதன் விதையைக் காட்டுக்குள் கொண்டுசென்றன. நிலத்தடியில் கிழங்குகள் பாய் பின்னியதுபோல் நெருக்கமாகப் படர, அவற்றின் நிழலில் லாரல் கன்றோ தில் கன்றோ தலைதூக்க முடிவதில்லை. மேலே முதிய மரங்கள் கம்பீரமாக நிற்கும். கீழே குழந்தைகள் இரா. அக்காடு இன்னும் நூறாண்டு பச்சையாகத் தெரியலாம். ஆனால் அது வாரிசில்லாத வீடு. பிடுங்கும்போது ஒரு துண்டுக் கிழங்கு தங்கிவிட்டாலும் மீண்டும் முளைத்துவிடும்.

மேற்கே ஃபனால் என்னுமிடத்தில் மிகப் பழைய தில் மரங்கள் உள்ளன. மூடுபனியில் முறுக்கிய கிளைகளோடு நிற்கும் அம்மரங்களைப் படம் பிடிக்க உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். கிளைமேல் ஏறி அமர்ந்தும் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் மிதித்து மிதித்து வேரைச் சுற்றியுள்ள மண் இறுகிப்போகிறது. மாடுகளும் அங்கே மேய்கின்றன. முளைத்த கன்றை மாடு தின்றுவிடும். முதிய மரங்களைப் பார்த்து வியப்போர் இளங்கன்று ஒன்றேனும் தென்படுகிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. 2025 முதல் மலைப்பாதைகளில் நடக்க வெளியூர்ப் பயணிகளிடம் கட்டணம் பெறுகிறார்கள். இது சரியே என்பது எங்கள் எண்ணம். அந்தப் பணத்தில் எவ்வளவு இஞ்சி பிடுங்கப்படுகிறது என்பதையும் பாதையின் வாயிலிலேயே எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

உழவர் நிலையையும் பேசவேண்டும். பேசாமல் போவது நேர்மையன்று. லாரல் காட்டில் ட்ரோக்காஸ் என்னும் புறா வாழ்கிறது. மதீராவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. கழுத்தில் வெள்ளித் திட்டு, சாம்பல் நிற உடல். லாரல் பழத்தை விழுங்கி, விதையை வேறோரிடத்தில் இடும் இப்பறவையே காட்டின் தோட்டக்காரன் எனலாம். ஆனால் காட்டோரத்துத் தோட்டங்களில் முட்டைக்கோசையும் இது கொத்தித் தின்கிறது. வேட்டையாடுவது தடை செய்யப்பட்டபின் புறாக்கள் பெருகின, உழவர் முறையிட்டனர், அரசு அனுமதியோடு அவ்வப்போது சுட்டதும் உண்டு. ஒரு கோசுப் பாத்தியை இழந்த ஏழையிடம் போய் 'அரிய பறவை, பொறுத்துக்கொள்' என்று நகரத்தில் இருப்பவர் உபதேசிப்பது எளிது. நாங்கள் அவ்வாறு சொல்லமாட்டோம். பறவை உலகத்தாருக்கெல்லாம் பொதுச் சொத்து என்றால், அது தின்ற கோசுக்கும் உலகத்தார் பொதுவாக விலை கொடுக்கட்டும். வலை வாங்கிக் கொடுக்கட்டும். சுட்டுத் தீர்ப்பது விலை மலிவாக இருக்கிறது என்பதற்காக அது நியாயமாகிவிடாது. ஆடுகளை மேட்டுநிலங்களிலிருந்து அகற்றியபோது மேய்ப்பர்கள் பட்ட வருத்தத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இப்படிச் செய்யமுடியுமா, வெறும் பேச்சா என்று ஐயுறுவோருக்கு அசோர் தீவுகளில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே சாவ் மிகெல் தீவின் கிழக்கு மூலையில் மட்டும் வாழும் பிரியோலு என்னும் சிறு பறவை, 19-ஆம் நூற்றாண்டில் ஆரஞ்சு மரங்களின் மொட்டுகளைத் தின்கிறதென்று பகைவனாக எண்ணிக் கொல்லப்பட்டது. ஆரஞ்சுத் தோட்டங்களும் அழிந்தன. பறவையும் அழியும் நிலைக்கு வந்தது. எஞ்சிய லாரல் காட்டுக்குள் இதே இமயமலை இஞ்சி புகுந்துவிட்டது. 2003 முதல் ஊரார் பலரைக் கூலிக்கு அமர்த்தி, சரிவு சரிவாக இஞ்சியை அகற்றி, அவ்விடத்தில் அத்தீவுக்குரிய செடிகளையே நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். மிகக் கடுமையான அபாயப் பட்டியலிலிருந்த பிரியோலு 2010-இல் ஒரு படியும், 2016-இல் மற்றொரு படியும் மேலேறியது. கவனியுங்கள்: அவர்களும் மரம் நட்டார்கள்தாம். ஆனால் முதலில் பிடுங்கினார்கள், பின்பு நட்டார்கள். எது அம்மண்ணுக்குரியது என்று கேட்டு நட்டார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. சாவ் மிகெலில் பிடுங்கப்பட்டவற்றுள் கிளெத்ரா என்னும் மரமும் ஒன்று. வெள்ளை மணிகள் தொங்குவதுபோல் பூக்கும் இம்மரம் மதீராவின் லாரிசில்வாவில் பிறந்தது. அங்கே அது போற்றிக் காக்கவேண்டிய பிள்ளை. பல நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள சாவ் மிகெலிலோ அது திருடன். நல்ல மரம், கெட்ட மரம் என்று பொதுவாகப் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே மரத்தின் குணம் அமைகிறது.

இந்த நியாயம் நம் ஊருக்கும் வருகிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் உள்ள சோலைக்காடுகளில் லாரல் குடும்பத்து மரங்கள் பல உண்டு. அங்கும் மூடுபனி உண்டு, சோலைக்கே உரிய காட்டுப்புறா உண்டு. மதீராவில் தொல்லை தரும் அதே யூகலிப்டஸும் வாட்டிலும் ஆங்கிலேயர் காலத்தில் அங்கு வந்து, சோலைகளுக்கிடையே இருந்த புல்வெளிகளை விழுங்கியுள்ளன. 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. வாட்டில் மலையில் இருக்கிறது.

எனவே எங்கள் கோரிக்கை ஒன்றை இம்மலர் வாயிலாக முன்வைக்கிறோம். பள்ளிச் சுற்றுலா உதகைக்கோ கோடைக்கானலுக்கோ செல்லும்போது படகுத்துறையில் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் கழிகிறது. அதில் ஒரு முற்பகலை ஒதுக்கி, வனத்துறையாரிடம் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் புல்வெளியில் முளைத்துக் கிடக்கும் வாட்டில் கன்றுகளை மாணவியர் வேரோடு பிடுங்க ஏற்பாடு செய்யவேண்டும். வனமகோத்சவத்தில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் வாசிப்பதுபோல் பிடுங்கிய கன்றுகளின் எண்ணிக்கையையும் வாசிக்கவேண்டும். அடுத்த ஆண்டு நாங்கள் இவ்வகுப்பில் இருக்கமாட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் இதைத் தலைமை அருட்சகோதரியிடம் நினைவூட்டுவார்களாக. கையுறையும் மண்வெட்டியும் தோட்டக்காரத் தாத்தாவிடம் இருக்கின்றன.